வீரர் மாற்றமும் கல்லூரி விளையாட்டும்

1896ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 24ஆம் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து நிலையங்கள் இரண்டிற்கிடையே ஓர் உதைபந்தாட்டப் போட்டி நடைபெற்றது. ஒருபுறம் நின்றது பென்சில்வேனியா சர்வகலாசாலை. அதற்கு முன் ஆடிய போட்டிகளில் வெற்றிமேல் வெற்றி கண்ட பெரிய அணி அது. மறுபுறம் நின்றது லாஃபயெட் என்னும் சிறிய கல்லூரி. ஆட்டம் முடிந்தபோது சிறிய கல்லூரி 6 புள்ளிகளும், பெரிய சர்வகலாசாலை 4 புள்ளிகளும் பெற்றிருந்தன. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் வரலாற்றிலே வியப்போடு பேசப்படும் வெற்றிகளுள் அதுவும் ஒன்றாயிற்று.

அந்த வெற்றிக்குப் பின்னால் ஒரு கதை உண்டு. லாஃபயெட் அணியில் அன்று ஆடியவர்களுள் ஒருவர் பீல்டிங் யோஸ்ட் என்னும் இளைஞர். அவர் உண்மையில் மேற்கு வேர்ஜீனியா சர்வகலாசாலையிலே சட்டம் பயின்றுகொண்டிருந்தவர். அந்தச் சர்வகலாசாலையின் அணி சில நாட்களுக்கு முன்னரே லாஃபயெட் கல்லூரியோடு அடுத்தடுத்து மூன்று முறை மோதித் தோல்வி கண்டிருந்தது. அதன்பின் யோஸ்ட் லாஃபயெட் கல்லூரியின் மாணவராகத் தம்மைப் பதிவு செய்துகொண்டார். பெரும் போட்டியில் ஆடினார். வெற்றி கிட்டியதும் இரண்டு வாரங்களுக்குள் பழைய சர்வகலாசாலைக்கே திரும்பினார். 1897ஆம் ஆண்டில் அவர் சட்டப் பட்டம் பெற்றதும் மேற்கு வேர்ஜீனியாவிலேயே.

அவ்வாறாயின் அவர் எந்தக் கல்லூரியின் மாணவர்? யாருடைய கொடியின் கீழ் ஆடும் உரிமை அவருக்கு இருந்தது? பார்வைக்குச் சிறிதாகத் தோன்றும் இந்தக் கேள்வியே ஏறத்தாழ 130 ஆண்டுகளாக அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை அலைக்கழித்து வந்திருக்கின்றது. இதற்கு விடை காண்பதற்காக ஒன்றியங்கள் அமைந்தன, விதிகள் எழுந்தன, பின்னர் அவ்விதிகளே நீதிமன்றத்தில் வீழ்ந்தன. அந்த வரலாறு ஒரு விளையாட்டின் வரலாறு மட்டுமன்று. கல்வி நிலையத்திற்கும் அதன் மாணவனுக்குமிடையே உள்ள பந்தம் எத்தகையது என்பதை ஒரு நாடு விளங்கிக்கொள்ள முயன்ற வரலாறும் அதுவே.

அமெரிக்காவிலே கல்லூரி விளையாட்டுப் பெற்றுள்ள இடம் வேறெந்த நாட்டிலும் அதற்கு இல்லை எனலாம். அங்கு உதைபந்தாட்டம் எனப்படுவது காலால் மட்டும் உதைத்து ஆடும் ஆட்டமன்று. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும், எறிந்தும், எதிரியை மோதி வீழ்த்தியும் ஆடும் வேறொரு வகை ஆட்டம். இந்த ஆட்டத்தைக் காண்பதற்கு ஒரு சர்வகலாசாலை மைதானத்தில் இலட்சம் பேர் கூடுவதும் உண்டு. ஆயினும் கல்லூரிகளுக்கிடையிலான போட்டிகள் அங்கு தொடங்கியது உதைபந்தாட்டத்தினால் அன்று, படகோட்டத்தினால். 1852ஆம் ஆண்டு நியூ ஹம்ப்ஷயர் மாநிலத்து ஏரி ஒன்றிலே ஹாவார்ட் மாணவரும் யேல் மாணவரும் படகோட்டினர். அதற்கான செலவை ஏற்றுக்கொண்டது ஒரு புகையிரதக் கம்பனி. போட்டியைக் காண வரும் மக்கள் தன் வண்டிகளில் ஏறுவர் என்பது அதன் கணக்கு. ஆகவே கல்லூரி விளையாட்டும் வணிகமும் முதல் நாளிலேயே கைகோத்துக்கொண்டன. 1855இல் இரு கல்லூரிகளும் மீண்டும் சந்தித்தபோது, ஹாவார்ட் படகின் சுக்கான் பிடித்தவர் ஏற்கெனவே பட்டம்பெற்று வெளியேறியவர். அவர் ஆடத் தகுதியுடையவரா என்ற வழக்கும் அன்றே பிறந்துவிட்டது.

1869ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் திகதி ரட்கர்ஸ், பிரின்ஸ்ரன் ஆகிய கல்லூரிகள் முதன்முதலாக உதைபந்தாட்டத்தில் மோதின. அடுத்த 25 ஆண்டுகளுள் அந்த ஆட்டம் நாடெங்கும் பரவிற்று. வெற்றி பெறும் கல்லூரியின் பெயர் பத்திரிகைகளில் வந்தது. பெயர் பெற்ற கல்லூரியை மாணவர் நாடினர். பழைய மாணவர் பொருளுதவி செய்தனர். வெற்றிக்கு இத்துணை விலை கிடைத்தபோது, அதனை எவ்வாறேனும் அடைந்துவிட வேண்டும் என்ற எண்ணம் எழுந்ததில் வியப்பில்லை. இன்று ஒரு கல்லூரிக்காகவும், அடுத்த பருவத்தில் மற்றொரு கல்லூரிக்காகவும் ஆடித் திரியும் ஒரு கூட்டம் தோன்றிற்று. அவர்களை அமெரிக்கர் 'நாடோடி வீரர்' என்றனர். சிலர் வகுப்பறையை எட்டியும் பாராதவர். சிலர் மாணவர் வயதைக் கடந்தவர். யோஸ்ட் செய்ததும் இவ்வழக்கத்தின் ஓர் எடுத்துக்காட்டேயன்றித் தனியொரு குற்றமன்று.

இந்நிலையைக் கண்டு முதலில் விழித்துக்கொண்டவர்கள் மத்திய மேற்கு மாநிலங்களின் சர்வகலாசாலைத் தலைவர்கள். 1895ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் ஏழு கல்வி நிலையங்களின் தலைவர்கள் சிக்காகோ நகரில் கூடினர். உண்மையான மாணவரே ஆட வேண்டும். வேறு கல்லூரியிலிருந்து மாறி வந்தவர் குறித்த காலம் அங்குக் கற்ற பின்னரே அணியிற் சேரலாம் என்பன போன்ற விதிகளை வகுத்தனர். இக்கூட்டத்தின் பயனாக 1896இல் அமைந்த ஒன்றியமே பிற்காலத்தில் 'பெரும் பத்து' எனப் பெயர் பெற்றது. எனினும் விதிகளை எழுதுவது எளிது, காப்பது அரிது என்பதை அடுத்த பத்தாண்டுகள் காட்டின. 1905ஆம் ஆண்டில் ஒரு புகழ்பெற்ற சஞ்சிகை, பெரிய கல்லூரிகள் வீரர்களை எவ்வாறு விலைகொடுத்து ஈர்க்கின்றன என்பதைக் கட்டுரைகளாக வெளியிட்டு நாட்டையே திடுக்கிடச் செய்தது.

அதே ஆண்டில் உதைபந்தாட்ட மைதானங்களில் ஏற்பட்ட மரணங்களும் மக்களைக் கலக்கின. ஒக்டோபர் மாதத்தில் ஜனாதிபதி தியடோர் ரூஸ்வெல்ட், ஹாவார்ட், யேல், பிரின்ஸ்ரன் ஆகியவற்றின் பிரதிநிதிகளைத் தமது மாளிகைக்கு அழைத்துப் பேசினார். ஆண்டின் இறுதியில் 62 கல்வி நிலையங்களின் பிரதிநிதிகள் நியூயோர்க் நகரில் கூடினர். அவர்கள் 1906இல் நிறுவிய சங்கம் 1910ஆம் ஆண்டில் தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எனப் பெயர் மாற்றம் பெற்றது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் பெரும் பகுதியை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடத்தி வந்திருப்பது இச்சங்கமேயாகும்.

மாறிச் செல்லும் வீரரைப் பற்றிய உறுதியான விதி மத்திய மேற்கு ஒன்றியத்திலே 1906ஆம் ஆண்டில் எழுந்தது. மிச்சிகன் சர்வகலாசாலைத் தலைவர் ஜேம்ஸ் ஏஞ்சல் அழைத்த மாநாடு, எந்த மாணவனும் கல்லூரியில் ஓராண்டு கற்ற பின்னரே அணியில் ஆடலாம் என்றும், மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஆடலாகாது என்றும் தீர்மானித்தது. இதன் கருத்து தெளிவானது. பந்துக்காக மட்டும் வந்தவன் ஓராண்டு வெறுமனே வகுப்பறையில் இருக்கச் சம்மதியான்; கல்விக்காக வந்தவனுக்கு அந்த ஓராண்டு சுமையாகாது. மாணவனையும் கூலிக்காரனையும் பிரித்துக் காட்டும் சல்லடையாக அந்த ஓராண்டு அமைந்தது.

இங்கு ஒரு வேடிக்கையும் நிகழ்ந்தது. 1901ஆம் ஆண்டிலிருந்து மிச்சிகன் சர்வகலாசாலையின் உதைபந்தாட்டப் பயிற்றாசிரியராக விளங்கியவர் வேறு யாருமல்லர். இரண்டு வாரங்களுக்குள் கல்லூரி மாறித் திரும்பிய அதே யோஸ்ட்தான். அவருடைய அணி நாட்டையே நடுங்கச் செய்த அணி. புதிய கட்டுப்பாடுகளை மிச்சிகன் விரும்பவில்லை. 1907இல் ஒன்றியத்தினின்றும் பிரிந்தது. ஒன்றியத்தை விட்டு விலகி வாழ்வதும் எளிதாக இல்லை. 1917ஆம் ஆண்டில் அது திரும்பி வந்து சேர்ந்தது. அக்காலமெல்லாம் யோஸ்ட்டே பயிற்றாசிரியர்.

ஓராண்டு காத்திருக்கும் வழக்கம் காலப்போக்கில் பிற பகுதிகளுக்கும் பரவியது. ஆயின் தேசியச் சங்கம் நெடுங்காலம் அறிவுரை கூறும் சபையாகவே இருந்தது. தண்டிக்கும் அதிகாரம் அதன் கையில் இல்லை. 1929ஆம் ஆண்டில் கார்னேகி அறநிலையம் நூற்றுக்கும் மேற்பட்ட கல்லூரிகளை ஆராய்ந்து வெளியிட்ட அறிக்கை, வீரர்களில் ஏறத்தாழ எழுவரில் ஒருவர் ஏதேனுமொரு வகையில் விளையாட்டுக்காகப் பொருளுதவி பெறுகின்றார் என்று கூறியது. முன் வாசல் அடைபட்டிருக்கப் பின் வாசல் திறந்தே கிடந்தது என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கல்லூரி மாறுதல் முற்றிலும் புதிய வடிவம் எடுத்தது. 1943ஆம் ஆண்டு யூலை மாதத்தில் அமெரிக்கக் கடற்படை தன் எதிர்கால அதிகாரிகளைக் கல்லூரிகளிலேயே பயிற்றும் திட்டமொன்றைத் தொடங்கியது. எந்த இளைஞன் எந்தக் கல்லூரிக்குச் செல்வது என்பதைக் கடற்படையே தீர்மானித்தது. அவ்வாறு சென்றவர்கள் அங்கு விளையாடவும் அனுமதி பெற்றனர். தரைப்படையோ தன் பயிற்சி மாணவருக்கு அந்த அனுமதியை வழங்கவில்லை. இதனால் கடற்படைப் பயிற்சி நடந்த கல்லூரிகள் ஒரே நாளில் வலிமை பெற்றன, மற்றவை வெறுமையாயின. 1942இல் விஸ்கொன்சின் அணியின் ஒளிவிளக்காக விளங்கிய எல்ரோய் ஹேர்ஷ், 1943இல் மிச்சிகன் அணியில் ஆடினார். இல்லினோய் வீரர் அலெக்ஸ் அகாசி, அதே ஆண்டில் பர்டூ அணிக்காக ஆடி, போர் முடிந்தபின் மீண்டும் இல்லினோய்க்கே வந்து ஆடினார்.

நாட்டின் தேவைக்காக நேர்ந்த இந்த மாற்றங்களை எவரும் குறைகூறவில்லை. ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்று எவரும் வற்புறுத்தவும் இல்லை. அது மட்டுமன்று; மாறிச் சென்ற வீரன் பழைய கல்லூரியை மறந்துவிடுவான் என்ற அச்சமும் பொய்யாயிற்று. மிச்சிகனிற் புகழ்பெற்ற ஹேர்ஷ், 1969ஆம் ஆண்டில் தம்முடைய முதற் கல்லூரியான விஸ்கொன்சினுக்கே விளையாட்டுத்துறை இயக்குநராகத் திரும்பி, 1987 வரை அப்பதவியில் இருந்தார்.

போருக்குப் பிந்திய ஆண்டுகளில் நிலைமை வேறு திசையிற் சென்றது. 1951ஆம் ஆண்டில் வால்டர் பையர்ஸ் தேசியச் சங்கத்தின் முதல் நிருவாகப் பணிப்பாளரானார். சங்கம் தண்டனை வழங்கும் அதிகாரத்தைப் பெற்றது. விளையாட்டுத் திறமைக்காகவே முழுப் புலமைப்பரிசில் வழங்கலாம் என்ற விதி 1956இல் வந்தது. பின்வாசல் கொடுப்பனவை முன்வாசலுக்குக் கொணர்ந்த நேர்மையான செயல் என்று அதனைப் பாராட்டியவர் உளர். ஆயின் அதனோடு மாணவனுக்கும் கல்லூரிக்குமிடையே ஓர் ஒப்பந்தமும் மறைமுகமாகப் பிறந்தது. 1973ஆம் ஆண்டில் அந்தப் புலமைப்பரிசில் ஓராண்டுக்கு மட்டுமே உரியது, ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது என்று விதி மாறியபோது, அவ்வொப்பந்தத்தின் பாரம் எப்பக்கம் சாய்ந்தது என்பது வெளிப்பட்டது. மாணவன் வேண்டாமென்று கருதினால் கல்லூரி ஆண்டிறுதியில் அவனைக் கைவிடலாம். கல்லூரி வேண்டாமென்று மாணவன் கருதினாலோ, அவன் புதிய இடத்தில் ஓராண்டு ஆடாது காத்திருக்க வேண்டும்.

நாடோடி வீரரைத் தடுப்பதற்கென எழுந்த விதி, இவ்வாறு கல்லூரியின் கையில் இருந்த கடிவாளமாக மாறியது. அதுவும் எல்லா விளையாட்டுக்கும் அது ஒரே அளவாகப் பொருந்தவில்லை. பிற்காலத்தில் நீச்சல், டெனிஸ் போன்றவற்றில் ஈடுபட்டோர் ஒருமுறை காத்திராமலே மாறலாம் என்ற சலுகை இருந்தது. உதைபந்தாட்டம், ஆடவர் கூடைப்பந்தாட்டம், மகளிர் கூடைப்பந்தாட்டம், பேஸ்போல், ஆடவர் பனிக்கட்டி ஹொக்கி ஆகிய ஐந்திலும் ஈடுபட்டோருக்கு அச்சலுகை இல்லை. பணமும் கூட்டமும் மிகுந்த ஆட்டங்களிலேயே கட்டும் இறுக்கமாக இருந்தது. கல்வியின் நலமே இவ்விதியின் நோக்கமாயின், நீச்சல் வீரனின் கல்வி மட்டும் ஏன் காவல் இன்றி விடப்பட்டது என்ற கேள்விக்கு நேரான விடை கிடைக்கவில்லை.

இதற்கிடையே பணம் வெள்ளம்போலப் பெருகிற்று. 1984ஆம் ஆண்டில் நாட்டின் உயர் நீதிமன்றம், தொலைக்காட்சி உரிமைகளைத் தேசியச் சங்கமே கட்டியாளுவது வணிகப் போட்டிச் சட்டத்துக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. சர்வகலாசாலைகளும் ஒன்றியங்களும் தாமே ஒளிபரப்பு உரிமையை விற்கத் தொடங்கின. 2010இல் தேசியச் சங்கம் தனது கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியை 14 ஆண்டுகளுக்கு 1,080 கோடி டொலருக்கு விற்றது. பயிற்றாசிரியர்களின் சம்பளம் சர்வகலாசாலைத் தலைவரின் சம்பளத்தை மிஞ்சியது. அதிக சம்பளம் அழைத்த இடத்துக்கு அவர்கள் எவ்வித காத்திருப்புமின்றிச் சென்றனர். 2021ஆம் ஆண்டு நவம்பர் மாத இறுதியில், ஒக்லகோமாவின் பயிற்றாசிரியர் தென் கலிபோர்னியாவுக்கும், நோத்ரடாமின் பயிற்றாசிரியர் லூயிசியானாவுக்கும் அடுத்தடுத்து மாறினர். அவர்களை நம்பிச் சேர்ந்த மாணவரோ நடு ஆற்றில் விடப்பட்டவர் போலாயினர். இந்த அமைப்பைக் கட்டியெழுப்பிய பையர்ஸ் அவர்களே, ஓய்வு பெற்றபின் 1995இல் எழுதிய நூலில், மாணவ வீரரைச் சுரண்டும் முறை இது எனக் கண்டித்தமை குறிப்பிடத்தக்கது.

கட்டு மெல்ல மெல்லத் தளர்ந்தது. பட்டம் பெற்றுவிட்ட மாணவனுக்கு ஆடும் காலம் மீதமிருந்தால், வேறொரு சர்வகலாசாலையில் மேற்படிப்புக்குச் சேர்ந்து உடனே ஆடலாம் என்ற வழி திறந்தது. வட கரோலைனா மாநில சர்வகலாசாலையில் பட்டம் பெற்ற ரசல் வில்சன் 2011இல் விஸ்கொன்சினுக்காக ஆடியது இவ்வழியிலேயே. ஆயினும் பட்டம் பெறாதவர், வேறு கல்லூரியின் பயிற்றாசிரியரோடு பேசுவதற்கும் பழைய கல்லூரியின் அனுமதியை நாட வேண்டியிருந்தது. இன்ன இன்ன கல்லூரிகளுக்குச் செல்லலாகாது என்று பயிற்றாசிரியர் தடுப்பதும் உண்டு. 2018ஆம் ஆண்டு ஒக்டோபர் 15ஆம் திகதி அந்த அனுமதி முறை முடிவுக்கு வந்தது. அன்று தொடங்கிய மாற்றப் பதிவேட்டில் மாணவன் தன் பெயரை இடுமாறு கேட்டால் கல்லூரி மறுக்கலாகாது; பெயர் பதிந்ததும் எந்தக் கல்லூரியும் அவனோடு பேசலாம்.

2021ஆம் ஆண்டு இரண்டு மதகுகள் ஒன்றாகத் திறந்த ஆண்டாகும். ஏப்பிரல் மாதத்தில், எந்த விளையாட்டிலாயினும் ஒருமுறை காத்திராமல் மாறலாம் என்று தேசியச் சங்கம் விதித்தது. யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம், கல்விசார்ந்த நன்மைகளுக்கு வரம்பிடும் சங்க விதிகள் சட்டத்துக்கு மாறானவை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. யூலை முதலாம் திகதியிலிருந்து மாணவ வீரர் தம் பெயரையும் உருவத்தையும் விளம்பரத்துக்கு அளித்துப் பணம் பெறலாயினர். இவ்விரண்டும் தனித்தனியே வந்திருந்தால் விளைவு மெதுவாக இருந்திருக்கும். மாறும் உரிமையும் பணம் பெறும் உரிமையும் ஒரே கோடையில் வந்தமையால், 'எங்கே கற்கலாம்' என்ற கேள்வியோடு 'எங்கே எவ்வளவு கிடைக்கும்' என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

இறுதி அடி வீழ்ந்த இடத்தை நோக்கினால் வரலாறு எவ்வளவு விசித்திரமானது என்பது புலனாகும். இரண்டாம் முறை மாறுவோர் ஓராண்டு காத்திருக்க வேண்டும் என்ற விதி மட்டும் எஞ்சியிருந்தது. 2023ஆம் ஆண்டு மூன்றாவது கல்லூரியாக மேற்கு வேர்ஜீனியா சர்வகலாசாலையிற் சேர்ந்த கூடைப்பந்தாட்ட வீரர் ஒருவருக்கு இவ்விதியின்படி அனுமதி மறுக்கப்பட்டது. ஒகையோ, மேற்கு வேர்ஜீனியா உட்பட ஏழு மாநிலங்களின் சட்டத்துறைத் தலைவர்கள் சங்கத்துக்கு எதிராக வழக்குத் தொடுத்தனர். 1890ஆம் ஆண்டின் ஷேர்மன் சட்டம் அவர்களது ஆயுதம். மேற்கு வேர்ஜீனியாவின் மத்திய நீதிமன்றம் டிசெம்பர் 13ஆம் திகதி அவ்விதிக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2024 ஏப்பிரலில் தேசியச் சங்கமே விதியைக் கைவிட்டது. பாடங்களில் தேறிய மாணவன் எத்தனை முறை மாறினாலும் உடனே ஆடலாம் என்றாயிற்று. யோஸ்ட் எந்த மாநிலத்துச் சர்வகலாசாலையை விட்டு லாஃபயெட்டுக்குச் சென்றாரோ, அதே மாநிலத்தின் நீதிமன்றத்திலேதான், யோஸ்ட் போன்றோரைத் தடுக்கப் பிறந்த விதி 127 ஆண்டுகளின் பின் சாய்ந்தது.

இதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது என ஆராய்தல் தகும். நன்மைக்குச் சான்று தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. ஆண்டுதோறும் தலைசிறந்த கல்லூரி உதைபந்தாட்ட வீரருக்கு வழங்கப்படுவது ஹைஸ்மன் விருது. 2017 முதல் 2025 வரை இவ்விருதைப் பெற்ற ஒன்பதின்மருள் எழுவர் கல்லூரி மாறி வந்தவர்கள். அவருள் ஜோ பரோ, ஒகையோ மாநில சர்வகலாசாலையில் மூன்றாண்டுகள் பெரும்பாலும் ஓரத்தில் அமர்ந்திருந்தவர். பட்டம் பெற்று 2018இல் லூயிசியானாவுக்கு மாறி, 2019ஆம் ஆண்டுப் பருவத்தில் தன் அணியை ஒரு தோல்வியுமின்றித் தேசிய வெற்றி வரை இட்டுச் சென்றார். வாய்ப்பில்லாத இடத்திலேயே அவர் கட்டுண்டு கிடந்திருந்தால், அத்திறமை வெளிப்பட்டிருக்குமா என்பது ஐயமே. தவறான இடத்தில் நாற்றை நட்டவன், வேறு வயலுக்குப் பெயர்த்து நடுவதைக் குற்றமென்று கூறுதல் இயலாது.

தீமையைக் காண்பதற்குச் சிறிய கல்லூரிகளை நோக்க வேண்டும். நியூ ஜேர்சி மாநிலத்திலே இயேசு சபைத் துறவியர் நிறுவிய சென் பீற்றர்ஸ் என்னும் சிறிய சர்வகலாசாலை, 2022ஆம் ஆண்டுத் தேசியக் கூடைப்பந்தாட்டச் சுற்றுப்போட்டியில் தன் பிரிவின் 15ஆம் தர அணியாக இடம்பெற்றது. அந்த அணி கென்ரக்கியை வென்றது, மறே மாநில அணியை வென்றது, பர்டூவை வென்றது. இறுதி எட்டு அணிகளுள் இடம்பெற்ற முதலாவது 15ஆம் தர அணி என்ற புகழ் அதற்குக் கிட்டிற்று. நாடு முழுவதும் அவ்விளைஞரைக் கொண்டாடியது. ஆயின் அந்த மகிழ்ச்சி அடங்குமுன்னரே பயிற்றாசிரியர் வேறு சர்வகலாசாலைக்குச் சென்றார்; வெற்றிக்குக் காரணமான வீரர் பலரும் பல திசைகளில் மாறிச் சென்றனர். அடுத்த ஆண்டு அதே மைதானத்தில் கூடிய மாணவர், தாம் பெயர் சொல்லி ஆர்ப்பரித்தவர்களைக் காணவில்லை. சிறிய கல்லூரி விதைத்து நீரூற்ற, பெரிய கல்லூரி அறுவடை செய்யும் நிலை ஏற்பட்டிருப்பதை மறுத்தல் அரிது. 2025ஆம் ஆண்டில் மட்டும், 360க்கு மேற்பட்ட அணிகளைக் கொண்ட முதற் பிரிவு ஆடவர் கூடைப்பந்தாட்டத்திலே மாற்றப் பதிவேட்டிற் பெயர் இட்டோர் தொகை 2,000ஐக் கடந்தது.

பாதிப்புக்கு உள்ளாகும் இன்னொரு சாரார் பாடசாலையை விட்டு வரும் இளைஞர். பதினெட்டு வயதுப் புதியவனைச் சேர்த்து இரண்டு மூன்று ஆண்டுகள் பழக்குவதினும், வேறிடத்தில் ஆடிப் பழகிய இருபத்திரண்டு வயதினனைப் பெறுவதே பயிற்றாசிரியருக்கு இலாபமாகத் தோன்றுகின்றது. கல்வியின் பக்கத்திலும் இழப்பு உண்டு. எல்லாவகை மாணவரையும் பற்றி அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2017இல் வெளியிட்ட அறிக்கை, கல்லூரி மாறுவோர் தாம் முன்னர்ப் பயின்று ஈட்டிய பாட மதிப்பில் சராசரியாக 43 சதவீதத்தை இழக்கின்றனர் என மதிப்பிட்டது. இருமுறை, மும்முறை மாறுவோர் பட்டத்தை எட்டுவது எவ்வளவு கடினம் என்பதை இதிலிருந்து ஊகிக்கலாம். பதிவேட்டில் பெயர் இட்ட எல்லோருக்கும் புதிய இடம் கிடைப்பதுமில்லை. அக்கரைக்கு இக்கரை பச்சை என்று புறப்பட்டு, இரு கரையும் இழந்து நிற்போர் ஆண்டுதோறும் உளர்.

2025ஆம் ஆண்டு யூன் மாதத்தில் மத்திய நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் இணக்கத்தின்படி, யூலை முதல் சர்வகலாசாலைகளே தம் வீரர்களுக்கு நேராகப் பணம் வழங்கும் காலம் தொடங்கிற்று. முதல் ஆண்டுக்கு ஒவ்வொரு சர்வகலாசாலைக்கும் ஏறத்தாழ 2 கோடியே 5 இலட்சம் டொலர் வரம்பாக விதிக்கப்பட்டது. 1852இல் ஏரிக்கரையில் புகையிரதக் கம்பனி தொடக்கிவைத்த கணக்கு, இவ்வாறு மாணவன் பெயரிலும் ஒரு பக்கத்தைத் திறந்தது.

இந்த நெடிய வரலாற்றிலிருந்து தெளிவாகும் உண்மை ஒன்றுண்டு. 1906ஆம் ஆண்டின் ஓராண்டு விதி நன்னோக்கத்தோடு எழுந்தது. அது நெடுங்காலம் தாங்கிநின்றதற்குக் காரணம், ஆடுபவன் முதலில் மாணவன் என்ற எண்ணத்தை அது காத்தமையே. அது வீழ்ந்ததற்குக் காரணம், அந்த எண்ணத்தைக் கல்லூரிகளும் பயிற்றாசிரியரும் தாமே கைவிட்ட பின்னரும், மாணவன் ஒருவன்மீது மட்டும் அதனைச் சுமத்தியமையே. தாம் நினைத்தபோது விலகும் உரிமையை வைத்துக்கொண்டு, மற்றவனுக்கு நன்றியையும் விசுவாசத்தையும் உபதேசிப்போரின் சொல்லை நீதிமன்றம் ஏற்கவில்லை, இளைஞரும் ஏற்கவில்லை.

ஆயினும் விதி வீழ்ந்ததனால் அது எழுப்பிய கேள்வியும் வீழ்ந்துவிடவில்லை. ஒரு கல்லூரியின் கொடியைத் தாங்கி ஆடுபவன், அக்கல்லூரியின் நூல்நிலையத்தையும் ஆசிரியரையும் தோழரையும் அறிந்தவனாக இருக்க வேண்டும் என்ற பழைய ஆசை பொருளற்றதன்று. அது இல்லையேல் கல்லூரி அணி என்ற பெயருக்கே பொருள் இல்லாது போகும். அந்தப் பந்தத்தைத் தடையினால் உண்டாக்க முடியாது என்பதை ஒரு நூற்றாண்டு அனுபவம் காட்டிவிட்டது. பட்டம் பெறும் வரை மாணவனைக் கைவிடோம் என்று கல்லூரி உறுதி கூறி, அவ்வுறுதியைக் காக்குமாயின், அவனும் தங்கி நிற்கக் காரணம் காண்பான். கடற்படை ஆணையால் பிரிக்கப்பட்ட ஹேர்ஷ், இருபத்தாறு ஆண்டுகளின் பின் தம் முதற் கல்லூரிக்கு மீண்டது எந்த விதியின் கட்டாயத்தினாலும் அன்று.